மோட்டாருக்கு ஒரு நம்பர்

தீர்த்தம்மாளுக்கு இயந்திரங்களைப் பற்றி ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. சத்தம் போடுகிற இயந்திரத்தை நம்பலாம், சத்தம் போடாததை நம்பக்கூடாது. கிரைண்டர் ஓடினால் வீடே அதிரும், நின்றால் நின்றது தெரியும். மிக்ஸியில் பிளேடு தட்டினால் கொல்லையில் துணி துவைக்கும்போதே அவள் காது கண்டுபிடித்துவிடும். செல்போன் அப்படியல்ல. சும்மா கிடக்கும்போதும் அது உள்ளுக்குள் ஏதோ செய்துகொண்டிருக்கிறது. யாருக்காகச் செய்கிறது, எதற்காகச் செய்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நல்லம்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்து வந்து இருபத்திரண்டு வருடத்தில், நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் குரல் கேட்டதாக யாரும் சொல்ல முடியாது. பேசாதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மகள் ஐஸ்வர்யா சேலத்துக்கு நர்சிங் படிக்கப் போனபோது தன் பழைய டச் போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு மாதம்தான். பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது எந்த இடத்தில் விரல் பட்டதோ, அந்தப் போன் பேச ஆரம்பித்துவிட்டது. தொட்டதையெல்லாம் வாசித்தது. "கேமரா. திறக்க இருமுறை தட்டவும்." "பேட்டரி நாற்பது சதவீதம்." பயந்து அணைக்கப் போனால் அணைக்கும் பொத்தானையும் வாசித்ததே தவிர அணையவில்லை.

"கண்டக்டரே, உங்களுக்குத் துணையா ஒரு லேடீஸ் கண்டக்டர் ஏறிக்கிச்சு பாருங்க!" என்று பின்சீட்டில் ஒருவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. தீர்த்தம்மாள் போனைத் துண்டில் சுற்றிப் பைக்குள் திணித்து, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். போய் அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். மறுநாள் ஊருக்கு வந்த ஐஸ்வர்யா சோற்றுக்கு அரிசி அளக்கப் போக, டிரம்முக்குள்ளிருந்து "பேட்டரி குறைவாக உள்ளது" என்று சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு பட்டன் போன்தான். அதில் மூன்று நம்பர். இரண்டை அழுத்திப் பிடித்தால் கணவர் சந்திரமோகன். மூன்றை அழுத்திப் பிடித்தால் மகள். நாலு, மோட்டார்.

மோட்டாருக்கு நம்பர் வந்தது போன தை மாதம். சந்திரமோகனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. சனி இரவு வந்தால் திங்கள் விடியலில் போய்விடுவார். கிணற்றுக்கு யார் போய் பட்டன் அழுத்துவது? மும்முனை கரண்ட் என்றைக்கு எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. வந்த நேரத்தில் ஓட்டினால்தான் தக்காளிக்குத் தண்ணீர். தர்மபுரியிலிருந்து ஒரு ஆளை அழைத்து வந்து, மோட்டார் கொட்டாயில் சிம்மும் பேட்டரியும் போட்ட பெட்டி ஒன்றை மாட்டினார். கரண்ட் வந்ததும் பெட்டி அவரைப் போனில் கூப்பிடும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஓசூர் கேட்டில் உட்கார்ந்தபடியே அவர் இங்கே தண்ணீர் பாய்ச்சினார். ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டினார்.

தீர்த்தம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ஆளே இல்லாத கொட்டாயில் திடீரென்று மோட்டார் உறுமும்போது, களை எடுத்துக்கொண்டிருக்கும் அவளுக்கு ஒருமுறை தூக்கிவாரிப் போடும். மாட்டிய அன்றைக்கு அவள் தென்னைமரத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். மாட்ட வந்தவர் மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மெயின்ல உள்ள எல்லாம் கருகிப்போச்சுங்ணா. நேரா குடுத்துடறேன். அப்புறமா புது மெயின் வாங்கிப் போட்டுக்குங்க."

"ஆவட்டும், ஆவட்டும். மொதல்ல ஓடட்டும்," என்றார் சந்திரமோகன்.

மெயின் சுவிட்சுக்குப் போன வயர்களைக் கழற்றி, அதைத் தொடாமல் பக்கவாட்டில் வளைத்து முறுக்கி டேப் சுற்றியதை அவள் பார்த்தாள். மெயின் பெட்டி மட்டும் பழையபடி சுவரிலேயே இருந்தது. கைப்பிடியைத் தூக்கலாம், இறக்கலாம். ஒன்றும் ஆகாது. புது மெயின் வரவே இல்லை.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை இருக்கும். மோட்டார் மெக்கானிக் முருகேஷ் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு வந்தான். மோட்டாரின் சுழலும் தண்டுப் பக்கம் ஒரு வாரமாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சந்திரமோகனிடம் சொல்லியிருந்தான்.

"பாலக்கோடு போற வழிங்க்கா. கையோட முடிச்சுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"அவருக்குத் தெரியாதுங்களே..."

"அண்ணனுக்கு முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம். கரண்டும் இல்ல இப்ப. நல்ல நேரம்."

கொட்டாய்க்குள் போனான். ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அழுத்தினான். மெயின் கைப்பிடியைத் தடாலென்று கீழே இறக்கினான். தீர்த்தம்மாள் கொட்டாய் வாசலுக்கு வந்தாள்.

"தம்பி... அந்த மெயினு..."

"எறக்கிட்டேங்க்கா."

"இல்ல, அது வந்து... பொட்டி மாட்டறப்ப நேரா குடுத்தாங்க. மெயின் வேலை செய்யாதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் முந்தானைக்குள் போய்விட்டது. முருகேஷ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"யக்கா, பதினாலு வருசமா இதான் தொழிலு. ஃபியூஸ் பொட்டி பூட்டியிருக்குது, சாவி இருந்தாக் குடுங்க, அதையும் புடுங்கிடறேன்."

சாவி சந்திரமோகனின் கொத்தில், ஓசூரில் இருந்தது. பக்கத்துக் கிணறுகளில் வயர் திருட்டு நடந்ததிலிருந்து அவர் ஃபியூஸ் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோகிறார்.

"வுடுங்க. பத்து நிமிச வேலை," என்று முருகேஷ் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கிவிட்டான்.

அறுபதடிக் கிணறு. பாதி ஆழத்தில் பாறைத் திட்டின்மேல் மோட்டார். மேலே இருந்து பார்த்தால் முருகேஷின் முதுகும் உச்சந்தலையும்தான் தெரிந்தன. மூடியைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தான். தண்ணீர் கசியாமலிருக்கத் தண்டைச் சுற்றி அடைத்திருந்த பழைய கயிற்றைத் தோண்டி எடுக்க விரல்களை உள்ளே விட்டான்.

தீர்த்தம்மாள் சந்திரமோகனுக்குப் போட்டாள். மணி அடித்தது. கட் செய்தார். மறுபடி போட்டாள். மறுபடி கட். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டால் கறிவேப்பிலை, கேஸ் சிலிண்டர், அக்கா வீட்டு விசேஷம் இப்படி எதுவாவதாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் பெட்டி கூப்பிட்டால் எடுப்பார். கேட்டில் லாரி நின்றாலும் எடுப்பார். பெட்டிக்கு ஒன்றை அழுத்த ஒரு வினாடி போதும்.

அவள் கிணற்று மேட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவில் நின்றாள். ஒருவேளை நாம் பார்த்தது தப்போ? பிறகு யாராவது வந்து சரிசெய்திருப்பார்களோ? ஆறாம் வகுப்புப் படித்தவளுக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்? கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் வளைந்த வயர், கறுப்பு டேப், எல்லாம் தை மாதம் பார்த்தபடியே இருந்தன.

அப்போதுதான் அவளுக்குச் சித்திரை வருடப்பிறப்பு நினைவு வந்தது. லீவில் வந்திருந்த ஐஸ்வர்யாவும் அப்பாவும் யார் மோட்டாரை முதலில் போடுவது என்று ஒரே நேரத்தில் அந்த நம்பருக்குப் போட்டார்கள். ஒருவருக்குத்தான் கிடைத்தது. மற்றவருக்கு பிஸி. பெட்டி ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும்.

நாலை அழுத்திப் பிடித்தாள். பெட்டி எடுத்தது. "வணக்கம். மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும். நிறுத்த எண் இரண்டை அழுத்தவும்." அவள் எதையும் அழுத்தவில்லை. கட்டைவிரலைப் பட்டன்களின்மேல் படாமல் பின்னால் மடக்கிக்கொண்டாள். அந்தப் பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மூன்று தடவை சொல்லிவிட்டுத் தானாகவே துண்டித்தது. உடனே மறுபடி நாலு. மறுபடி வணக்கம். இவள் பேசிக்கொண்டிருக்கும்வரை பெட்டிக்கு அவரைக் கூப்பிட வழியில்லை. அவருக்கும் பெட்டி கிடைக்காது.

நாலு தடவையா ஐந்து தடவையா தெரியவில்லை. கை வேர்த்து போன் வழுக்கியது. ஒன்று என்ற எண் மற்ற எல்லா எண்களையும்விடப் பெரியதாகத் தெரிந்தது. நடுநடுவே கிணற்றைப் பார்த்து, "தம்பி, மேல வாங்க தம்பி," என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

கொட்டாய்க்குள் ஸ்டார்ட்டரின்மேல் மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம். மும்முனை வந்துவிட்டது.

அதே நேரத்தில் பெட்டி துண்டித்தது. அவள் நாலை அழுத்தினாள். விரல் வழுக்கி ஐந்தில் பட்டது. அழித்துவிட்டு மறுபடி நாலை அழுத்திப் பிடித்தாள்.

"நீங்கள் தொடர்புகொள்ளும் எண் பிஸியாக உள்ளது."

பெட்டி அவரோடு பேசிக்கொண்டிருந்தது.

தீர்த்தம்மாள் கிணற்றை நோக்கி ஓடினாள். கிணற்று மேட்டின் விளிம்பில் முழங்காலில் விழுந்தாள்.

"டேய் முருகேசா! கையை எடுடா! எட்றா கையை!"

இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஊர் கேட்காத குரல். கிணற்றுச் சுவர் அதை நாலு பக்கமும் திருப்பி அடித்தது. முருகேஷ் பாம்பு என்று நினைத்தானோ என்னவோ, கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு பாறையோடு ஒட்டினான். மோட்டார் உறுமிச் சுழன்றது. தண்டின்மேல் வைத்திருந்த ஸ்பேனர் எகிறி எதிர்ச்சுவரில் மோதித் தண்ணீரில் விழுந்தது.

அவள் முழங்காலிட்டபடியே நாலை அழுத்தினாள். இந்த முறை கிடைத்தது. இரண்டை அழுத்தினாள். மோட்டார் நின்றது. நின்ற பிறகுதான் அவளுக்கு அடுத்த பயம் வந்தது. மோட்டார் நின்ற செய்தி அவருக்குப் போகும். ஏன் நின்றது என்று மறுபடி போடுவார். லைனை விடாமல் பிடித்துக்கொண்டே கத்தினாள்.

"மேல வா! எதையும் தொடாத வா!"

முருகேஷ் நாலுகால் பாய்ச்சலில் படியேறி வந்தான். வரப்பிலிருந்து கல்லை எடுத்து ஃபியூஸ் பெட்டிப் பூட்டை மூன்று போடு போட்டு உடைத்தான். மூன்று ஃபியூஸ்களையும் பிடுங்கித் தரையில் எறிந்தான். விளக்குகள் அணைந்தன. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தான். தன் வலது கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்த்தம்மாளின் போன் அடித்தது.

"ஏம்மே, அந்த நம்பருக்கு நீதான் போட்டுக்கினு இருக்கறயா? திருப்பிப் போட்டா லைன் கெடைக்கல! ஓடன மோட்டாரை எதுக்கு நிறுத்தன? கரண்டு போனா அப்பறம் எப்ப..."

"கெணத்துக்குள்ள முருகேசு இருந்தான்," என்றாள் அவள்.

மறுபக்கத்தில் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது.

"உள்ள கையை வுட்டு வேலை செஞ்சுக்கினு இருந்தான். நீங்க போட்டுட்டீங்க. உங்களுக்கு ரெண்டு தடவை போன் போட்டேன். கட் பண்ணிட்டீங்க."

"...அவன் எங்க?"

"மேல இருக்கறான்."

"கை?"

"இருக்குது."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் போனைக் கீழே வைத்தாள். இதுவரை அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனை வைத்ததில்லை.

"எங்கங்க்கா நேரா குடுத்தாங்க?" என்று முருகேஷ் கேட்டான். அவன் குரல் இப்போது அவள் குரலைவிடச் சின்னதாக இருந்தது. அவள் கொட்டாய்க்குள் போய், மெயின் பெட்டிக்குப் பக்கவாட்டில் விரலைக் காட்டினாள். எது கரண்ட் வருகிற வயர், எது பெட்டிக்குப் போகிற வயர், எங்கே முறுக்கினார்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். டேப்பைத் தொட்டுப் பார்த்தான்.

"நானும் இப்படித்தாங்க்கா குடுப்பேன்," என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"மெயின் போயிருந்தா நானும் நேராத்தான் குடுத்துட்டு வந்துடுவேன். ஓடணும்ல. நாலு எடத்துல குடுத்திருக்கேன். பெரியண்ணன் கெணறு, இன்னாசி அண்ணன் தோட்டம்... மெயின் வேலை செய்யாதுன்னு அந்த வூட்டுக்காரங்களுக்குத் தெரியுமான்னுகூட எனக்குத் தெரியாது. நாம சொன்னமான்னு நெனைப்பே இல்ல."

"பொட்டி மாட்டியிருக்காங்களா?"

"மூணு பேரு மாட்டியிருக்காங்க."

வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் மும்முனை வந்திருந்தது. நாலு பக்கமும் கிணறுகளில் மோட்டார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. எது யார் போட்டு ஓடுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"போன் போடுங்க தம்பி, எல்லாருக்கும் போடுங்க," என்றாள் தீர்த்தம்மாள்.

முருகேஷ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். இரண்டு முறை தப்பான பெயரைத் தொட்டான். அவள் பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். இன்னாசி அண்ணன் என்று திரையில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்தது. மறுபடி அடித்தது. அந்தப் பக்கம் எடுக்கும்வரை இருவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.