பிரேதமில்லாத செத்தவீடு

ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் நேற்று ஒரு பச்சை பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அம்மா, வீட்டில மூண்டு கிடக்கு," என்றாள் மகள். கிடக்கிறதுதான். ஒன்றும் பிரைடியின் பச்சை இல்லையே.

பிரைடி யாரென்று உங்களுக்குச் சொல்லவில்லை. இங்கே ஒஸ்லோவுக்கு வருமுன் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னக் கிராமத்தில் தாதியாக வேலை பார்த்தேன். ஒரு தேவாலயம், ஒரு கடை, மிச்சமெல்லாம் செம்மறி. பிரைடி பக்கத்து வீட்டில் தனியே இருந்த வயதான பெண்மணி. அங்கே சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியைத்தான் அடுப்பில் எரிப்பார்கள். எனக்கு அதை மூட்டத் தெரியாது. நுளம்புக்குப் புகை போட்ட மாதிரி வீடே மூடிப்போகும். பிரைடி வந்து சிரித்துச் சிரித்து மூட்டித் தருவார். அந்த மணம் இன்னும் என் பழைய கம்பளிச் சட்டையில் இருக்கிறது. மகள் நம்புவதில்லை.

மலைச்சரிவில் கூரையில்லாத கல்வீடுகள் நின்றன. நூறு வருஷத்துக்கு மேல் முந்திய பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கப்பலேறியவர்களுடையவை. எது யாருடையதென்று, நேற்றுப் போனவர்களைப் போல பிரைடி சொல்வார்.

யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்த செய்தி அங்கேதான் வந்தது. சண்டைக்காலம், பாதை பூட்டு. போக வழியில்லை. கொள்ளி வைக்கும் நேரம்கூடத் தெரியாமல், அடுப்பு மூட்டாமல் இருந்தேன். அது ஒன்றுதான் அப்பாவுக்கு என்னால் செய்ய முடிந்தது.

என் புகைபோக்கியில் புகை இல்லையென்று கண்டு பிரைடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தேநீர் வைக்கக் கேத்தலைத் தேடினார். மறித்தேன்.

"எங்கட செத்தவீட்டில அடுப்பு மூட்டுறேல்லை."

"அப்ப என்ரை வீட்டில காய்ச்சிக் கொண்டு வாறன்."

அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். என் காதில் இப்படித்தான் நிற்கிறது.

பின்னேரம் பச்சை பிளாஸ்க்கோடு பிரைடி வந்தார், பின்னால் ஊரே வந்தது. "பிரேதம் இல்லையே," என்றேன் கூச்சத்தோடு.

"இஞ்சை அது பழக்கம், பிள்ளை," என்றார் பிரைடி. "அமெரிக்காவுக்குக் கப்பலேறுறவைக்கு முதல்நாள் உயிரோடையே செத்தவீடு செய்தவை. திரும்பி வரமாட்டினம் எண்டு தெரியும்தானே. நீ அப்பாவைப் பற்றிச் சொல்லு."

தேய்ந்துவிடும் என்று செருப்பைக் கழற்றி சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு ஓடுகிறவர் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அழ முடிந்தது.

பிரைடியும் போய்விட்டார். எல்லாம் முடிந்த பிறகே எனக்குச் சொன்னார்கள். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறதாம்.

செய்தி கேட்ட அன்றைக்கு, இங்கே வெஸ்ட்லியில் எங்கள் எட்டாம் மாடி வீட்டில், நான் அடுப்பு மூட்டவில்லை. மின்னடுப்பு, புகைபோக்கியும் இல்லை. மூட்டாதது யாருக்குத் தெரியும்? இருட்டும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நானே எழும்பிக் கேத்தலை வைத்தேன்.