அத்தையின் மூட்டு

மழைக்காலம் முடிந்த முதல் ஞாயிறன்று, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் என் தையல்கார அத்தை ஏறாத வருடமே கிடையாது. இந்த முறை அவள் மகன் அவளுடைய ஷூவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான்.

“மூட்டு தேஞ்சு போச்சு, ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா.”

“மூட்டுறதுதான்டா என் பொழப்பே. எனக்கே மூட்டப் பத்திப் பாடம் எடுக்கிறியா?”

அத்தை முழங்காலைச் சுற்றிக் காடாத் துணியை இறுக்கித் தைத்துக்கொண்டாள். மகனுடைய பெரிய ஷூவுக்குள் துண்டுத் துணிகளைத் திணித்து, மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தடுப்பதற்காகப் பின்னால் போன நான்தான் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். அவள் உட்காரவே இல்லை.

நானும் எழுந்து ஒருவழியாக உச்சியை அடைந்தபோது அவளுடைய ஃபோன் அடித்தது.

“அம்மா, என் ஷூ எங்க?”

“மலை மேல இருக்கு. வேணும்னா ஏறி வந்து எடுத்துக்கோ.”