பஃபலோவில் இருக்கும் எங்கள் பொடியன்

ஒவ்வொரு வருடமும் மாசிக் கடைசியில், ரொறன்ரோவின் மல்வேர்ன் தெருக்களில் உப்புப் போட்ட பனி சேறாகிக் கிடக்கும்போது, நானும் என் கணவரும் ஒரு பொடியனைத் தெரிவு செய்வோம். எங்கள் நகரத்து பேஸ்போல் அணி அப்போது தெற்கே வெயில் ஊரொன்றில் பயிற்சிக்குப் போயிருக்கும். பெரிய ஆட்டக்காரர்களோடு, இன்னும் பெரிய அணிக்குள் வராத இளம் பிள்ளைகளும் அங்கே வந்து ஓடுவார்கள், எறிவார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அவர்களை 'புரொஸ்பெக்ட்' என்பார்கள். நான் 'வரப்போறவன்' என்பேன். வருவானா மாட்டானா என்பது வேறு கதை. அந்தக் கூட்டத்துக்குள் ஒருவனை எங்களுடையவன் என்று எடுத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே திரிவதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

அதற்கு ஒரு விதி உண்டு. அவர் போட்டது. பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவனை எடுக்கக் கூடாது.

"அவனுக்கு ஆக்கள் இருக்கினம். ஆரும் பாக்காதவனை எடும்" என்பார்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். உயர்ந்த மனிதர், முகத்தில் முதலில் தெரிவது மூக்கு. வாய் திறப்பது குறைவு, பேஸ்போல் என்றால் மட்டும் அடக்க முடியாது. ஓர் அணியின் பலம் களத்தில் நிற்கிறவர்களில் இல்லை, அவர்களில் ஒருவன் நொண்டினால் அடுத்து வர யார் இருக்கிறான் என்பதில்தான் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அதற்கு அவர் வைத்த பெயர் 'அணியின் ஆழம்'.

"பனி கொட்டுற விடியவில நாலு ட்ரைவர்மார் வரேல்லை எண்டு வையும். பஸ் யார்ட்டில ஸ்பெயர் ட்ரைவர் இல்லாட்டி பிள்ளையள் குளிருக்கை ரோட்டில நிக்கவேண்டியதுதான். பேஸ்போலும் உதுதான்."

இந்தப் பிரசங்கத்தை நான் கேட்காத வருடம் கிடையாது.

ஆட்டம் பார்ப்பது மேல்மாடியில் உள்ள சின்ன அறையில். இந்த வீட்டை வாங்கும்போது மூன்று அறை வேண்டும் என்று தேடித்தான் வாங்கினோம். எங்களோடு அந்தக் காலத்தில் வீடு வாங்கியவர்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு இடம் போதாமல் பெரிய வீடு தேடி நகரத்துக்கு வெளியே அஜக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். எங்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. டொக்டர்மார் கைவிரித்த பிறகு, அந்த அறையில் ஒரு சோபாவையும் தொலைக்காட்சியையும் போட்டோம். அதைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? எந்த ஞானஸ்நானத்துக்குப் போனாலும், "என்ன, விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்க ஒருவர் இருந்தார். வயது ஏற ஏற அந்தக் கேள்வி தானாக நின்றுபோனது. அது நின்றதுதான் எனக்கு இன்னும் வலித்தது. ஒன்று மட்டும் மிஞ்சியது. குழந்தை யாரைப் போல என்று சொல்வதில் நான் கெட்டிக்காரி. தொட்டிலைச் சுற்றிப் பெண்கள் கூடி, மூக்கு தகப்பனுடையது, இல்லை, அப்பப்பாவுடையது என்று சண்டை பிடிக்கும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். வீட்டுக்கு வந்து, உடுத்த சேலையைக் கூட மாற்றாமல் கொஞ்ச நேரம் கட்டிலில் இருப்பேன்.

எங்கள் பொடியன்களில் பலர் வரவே இல்லை. ஒருவனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொருவன் விளையாட்டை விட்டுவிட்டுத் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பழக்கப் போய்விட்டான். வருடம் முடிய நாங்களும் அவர்களை மறந்து அடுத்தவனை எடுப்போம்.

ஒருவனை மட்டும் விட முடியவில்லை. பந்து வீசுகிறவன். மெலிந்த உடம்பு. ஒவ்வொரு பந்தையும் எறிவதற்கு முன் கீழ் உதட்டின் இடப்பக்க மூலையைக் கடிப்பான். கணக்குப் பிழைத்த பள்ளிப் பிள்ளை மாதிரி முழிப்பான். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் இளகிவிட்டது. "இவன்தான்," என்றேன். அடுத்த வருடமும் இவன்தான் என்றேன். அதற்கடுத்த வருடமும்.

அவன் கீழ் அணிகளில் படிப்படியாக ஏறி பஃபலோவுக்கு வந்தான். பெரிய அணிக்கு அது கடைசிப் படி. அமெரிக்க எல்லை தாண்டினால் எட்டிப் பிடிக்கிற தூரம். ஒரு சனிக்கிழமை ரோல்ஸும் கட்லட்டும் கட்டிக்கொண்டு போனோம். எதற்குப் போகிறீர்கள் என்று எல்லையில் நின்ற அதிகாரி கேட்டார். பேஸ்போல் பார்க்க என்றார் இவர். ரொறன்ரோவில் அணி இல்லையா என்று அந்த மனிதர் சிரித்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் பொடியன் கம்பி வேலிக்குப் பக்கத்தால் நடந்து போனான். கை நீட்டினால் தொடலாம். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் எனக்கு வந்தது. அதை இங்கிலீஷில் எப்படிக் கேட்டாலும் விசர் என்று நினைப்பான். "குட் லக்," என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அந்தக் கோடையில்தான் அவன் முழங்கை கிழிந்தது. ஒபரேஷன். ஒரு வருடத்துக்கு மேல் எறிய முடியாது என்றார்கள்.

நான் கோயிலில் மன்றாட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு தமிழ்ப் பூசையில் நோயாளருக்கான மன்றாட்டு வாசித்த பெண், கணீரென்ற குரலில், முழங்கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞன் பூரண சுகமடைய வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம் என்றாள். கோயில் முழுவதும் பதில் சொல்லியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பூசை முடிந்து கீழே மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரிந்த ஓர் அன்ரி என் கையைப் பிடித்தா.

"ஆற்றை பிள்ளை அது? உம்மடை சொந்தக்காரரோ?"

"இல்லை அன்ரி. பேஸ்போல் விளையாடுற பொடியன்."

"தெரிஞ்ச பொடியனோ?"

"ரீவியில பாக்கிறனாங்கள்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்ரி சிரிக்கவில்லை. அதுதான் மோசம். என் கன்னத்தைத் தடவி, "பாவம். பிள்ளைப் பாசம் எங்கையாவது போய் ஒட்டத்தானே வேணும்," என்றா.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "உங்கட மூண்டு மகன்மாரும் பூசைக்கு வரவேணும் எண்டும் ஒரு மன்றாட்டு எழுதிக் குடுக்கட்டோ, அன்ரி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காரில் ஏறியதும் அழுகை வந்தது. அன்ரி சொன்னது பொய் என்றால் அழுதிருக்க மாட்டேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இவர், "கை சுகமாகும். எலும்பு இளசு," என்றார். பெற்றவன் மாதிரித்தான் சொன்னார்.

கை சுகமாகியது. பொடியன் பஃபலோவில் மறுபடியும் எறியத் தொடங்கினான். ஆனால் மேலே இடம் இல்லை. கீழே இருப்பவன் மேலே வர வேண்டுமென்றால் மேலே இருப்பவன் விழ வேண்டும். அணியின் ஆழம் ஆழம் என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். போன வருடம் புரட்டாதியில், எங்கள் அணியில் பந்து வீசுகிற ஒருவன் நடு ஆட்டத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான். அவன் முகம் வலியில் சுருங்கியிருந்தது. எனக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம். உடனே சிலுவை போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார்.

அடுத்த நாள் நான் வேலை செய்யும் பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் போன் எடுத்தார். வேலை நேரத்தில் அவர் எடுத்ததே இல்லை.

"எங்கட பொடியனை மேல கூப்பிட்டிட்டாங்கள். நாளைக்குப் பகல் மட்ச். நான் ஸ்பெயர் ட்ரைவரைக் கேட்டிட்டன்."

விளையாட்டரங்கில் எங்களுக்குக் கிடைத்தது வானத்துக்குப் பக்கத்து ஆசனம். களத்தில் நிற்கிறவர்கள் சோற்றுப் பருக்கை அளவு தெரிந்தார்கள். எங்கள் அணி மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்கிற ஆட்டத்தில்தான் புதியவனை இறக்கிப் பார்ப்பார்கள் என்று இவருக்குத் தெரியும். எதிரணி எடுத்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும், கை தட்டத் தோன்றியும் தட்டாமல், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். கடைசியில் களத்தின் ஓரக் கதவு திறந்து அவன் ஓடி வந்தான்.

நான் எழும்பி நின்றேன். அவன் முதல் பந்துக்கு ஆயத்தமானபோது, பெரிய திரையில் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். என் வயதுதான் இருக்கும். சாதாரண நீலச் சட்டை. இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, கீழ் உதட்டின் இடப்பக்க மூலையைக் கடித்துக்கொண்டு நின்றா. கீழே அவனுடைய பெயரைப் போட்டு, அம்மா என்று எழுதியிருந்தார்கள்.

இத்தனை வருடத்தில் அவனுக்கு ஒரு தாய் இருப்பா என்று நான் நினைத்ததே இல்லை. எந்தப் பிள்ளைக்குத்தான் தாய் இல்லை? ஆனாலும் நினைக்கவில்லை.

முதல் பந்தை அடித்துவிட்டார்கள். ஓர் ஓட்டம் கொடுத்தான். பிறகு மூன்று பேரை வெளியேற்றி அந்தச் சுற்றை முடித்தான். களத்தை விட்டுப் போகும்போது தொப்பியைத் தொட்டு மேலே பார்த்தான். தாய் இருந்த பக்கம். எங்கள் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம். பின்னால் இருந்தவர் மறைக்கிறது என்று சொன்ன பிறகுதான் நான் இன்னும் நிற்பது தெரிந்தது.

அந்தக் கிழமை முடிவதற்குள் அவனைத் திரும்பவும் பஃபலோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இவன் எறிந்துவிட்டான், களைக்காத கை ஒன்று வேண்டுமாம். இப்போதும் அங்கேதான் இருக்கிறான். அவனை இனி யாரும் வரப்போகிறவன் என்று சொல்வதில்லை. அன்றைக்குச் சுரங்க ரயிலில் வீடு திரும்பும்போது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

ரயிலில் நெரிசல். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் இறங்கி, எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. வழக்கத்தில் தோற்ற ஆட்டத்தைப் பிரித்து மேய்கிற மனிதர் அன்று டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தாயை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறான், என்ன?" என்றேன்.

"ஓம்."

இரண்டு மூன்று நிலையம் போனது. அவர் எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"எங்களுக்கு எண்டா ஆரைப் போல இருந்திருக்கும்?"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி. எத்தனையோ தொட்டில்களுக்கு மேலே குனிந்து தீர்ப்புச் சொன்னவள் நான். எதிர்க் கண்ணாடியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தோம். நான் இரண்டு முகங்களையும் ஆறுதலாகப் பார்த்தேன்.

"கண் என்ரை கண்தான்," என்றேன். "மூக்கு உங்கட மூக்கு. பாவம் பிள்ளை."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பெரிய மூக்கைத் துடைத்துக்கொண்டார். எங்கள் நிலையம் வரும்வரை என் கையை விடவில்லை.