அண்ணனின் லேப்டாப், என் ஒயர்கள்

சென்னையில் வேலை கிடைத்து, கம்பெனியே புது லேப்டாப் கொடுத்ததும், காலேஜில் அடித்துத் துவைத்த பழையதை அண்ணன் என் தலையில் கட்டினான். திரையில் இடது ஓரம் நாலு விரல் அகலம்தான் தெரியும், மீதி கறுப்பு. கீபோர்டில் பாதி எழுத்து விழாது. "உனுக்கு இதுவே ஜாஸ்தி, வெச்சிக்கோ" என்றான். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

நைனார்பாளையத்து வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று எனக்குக் கிடைக்க இருந்தது. ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். டியூஷன் காசில் கள்ளக்குறிச்சி போய் ஒரு பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ், எல்லாவற்றையும் ஒரே ஒயரில் சேர்க்கிற டாக்கிங் ஸ்டேஷன் எல்லாம் வாங்கி வந்தேன். கீபோர்டும் மவுஸும் உடனே ஓடின. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடந்தது. நேராக மாட்டலாம் என்றால் லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ துளையை அண்ணன் எப்போதோ உடைத்து வைத்திருந்தான்.

அவனுக்கே போன் செய்தேன். கம்ப்யூட்டர் படித்தவன், ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டு, ரூமில் இருந்தவர்களோடு சேர்ந்து சிரித்தான். "கழுத்த நீட்டற வயசுல இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேலல்லாம்?" என்றான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

நானே தேடிப் படித்தேன். அந்தப் பழைய லேப்டாப்பின் யூஎஸ்பி வழியாகத் தகவல் மட்டும்தான் போகும், படம் போகாது. படத்தையும் தகவலாக மாற்றி அனுப்புகிற வேறு வகை டாக்கிங் ஸ்டேஷன் வேண்டும், அதற்கான சாஃப்ட்வேரும் போட வேண்டும். கடைக்காரரிடம் கெஞ்சி மாற்றி வந்தேன். ஒவ்வொரு பட்டனையும் அந்த நாலு விரல் அகலத்துக்குள் இழுத்து இழுத்துக் கொண்டுவந்து அமுக்கினேன். மானிட்டரில் வெளிச்சம் வந்தபோது அழுதுவிட்டேன். வேலையும் கிடைத்தது.

தீபாவளிக்கு வந்த அண்ணன், சொந்தக்காரர்கள் முன்னால் என் மேசையைக் காட்டி, "ஐசியூல படுத்துக்கினு இருக்கிற பேஷண்ட் மாரி எத்தினி டியூபு பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுத்தேன்.

போன தை மாதம் அவன் வேலை போனது, கம்பெனி லேப்டாப்பும் போனது. ஊருக்கு வந்தான். திருக்கோவிலூரில் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், அடுத்த வேலை கிடைத்தால்தான் நிச்சயம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஆன்லைனில் இன்டர்வியூ. அதற்குக் கொஞ்சம் முன்னால் என் மேசைக்கு வந்து நின்றான். "ஏந்திரி. இன்னா இருந்தாலும் இது என் லேப்டாப்புதான?" என்றான்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், சத்தியமாக. "உன்னுதுதாண்ணா, எடுத்துக்கோ" என்று டாக்கிங் ஸ்டேஷனைப் பிடுங்கினேன். மானிட்டரைக் கட்டிலில் கவிழ்த்தேன். கீபோர்டு, மவுஸ், ஹெட்போன் எல்லாவற்றையும் ஒயரோடு சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பை மட்டும் நீட்டினேன்.

திறந்து பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். சித்தப்பாவோடு பாகம் பிரித்தபோது, கிணறு சித்தப்பா பங்குக்குப் போனதும், தான் வாங்கிய மோட்டாரையும் பைப்பையும் அன்றைக்கே கழற்றி டிராக்டரில் ஏற்றி வந்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிப்பது அப்படித்தான். நானும் அவர் மகள்தானே.

"பாப்பா, மாட்டிக் குடும்மா, நேரமாவுது" என்றான் அண்ணன். கண் கலங்கியிருந்தது.

"உன் பொருள நீ வெச்சிக்கோ, என் பொருள நான் வெச்சிக்கிறேன்" என்றேன்.

"அவன் கல்யாணம் நின்னுடுண்டி, பாவி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

போனிலேயே பேசிக்கொள்வதாக மாடிக்கு ஓடினான். கல்வராயன் மலையைப் பார்த்து நின்றபடி அவன் இங்கிலீஷில் திணறியது கீழே கேட்டது. புரோகிராம் எழுதிக் காட்டச் சொன்னார்களாம், போனில் முடியவில்லை. இறங்கி வந்தவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

திருக்கோவிலூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலைக்குள் நான் அனுப்ப வேண்டியதும் போகவில்லை, அடுத்ததும் போகவில்லை. என்னையும் நிறுத்திவிட்டார்கள். லேப்டாப்பை அண்ணன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். ஒயர்கள் என் கட்டிலடியில் கிடக்கின்றன. ஒன்றில்லாமல் மற்றது எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கழற்றினேன்.