ஆதம்பாவா பாஸும் கத்துகிற காரும்

கடந்த திங்கட்கிழமை அஸர் தொழுகை முடிந்த கையோடு, ஆதம்பாவா என்பவர் வபாத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான் உடனே நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்குக் குறைவில்லை. எனக்குத் தெரிந்தே நாலு ஆதம்பாவாக்கள் இருக்கிறார்கள். அதில் இருவர் பாயோடு பாயாகக் கிடப்பவர்கள். அவர்களில் ஒருவராக இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் மனம் ஓடியது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். வேலைநாள் பின்னேரத்தில், கார் திருத்துகிற ஆதம்பாவா பாஸின் கராஜ் சாத்திக் கிடந்தது. தட்டிக் கதவில் பூட்டு இல்லை. பூட்டாமல் தண்ணீர் குடிக்கக்கூடப் போகாத மனிதர் அவர். அதைக் கண்ட பிறகுதான் நம்பினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சந்தேகத்தையும் தெரிந்திருக்கும். காரைக் கொண்டு போனால் உங்களை ஒரு பழைய கார் ஆசனத்தில் இருத்துவார். அந்த ஆசனத்தை அவர் எந்தப் பக்கம் குனிந்தாலும் உங்கள் இரண்டு கைகளும் அவருக்குத் தெரிகிற இடத்தில்தான் போட்டிருந்தார். கடையில் வாங்கிய தேநீரைக் கலக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். "காருக்கு என்ன நோயெண்டு சொல்லாதீங்க, எப்ப தொடங்கின எண்டு மட்டும் சொல்லுங்க" என்பார். சொன்னால், "அதுக்கு முந்தி?" என்று கேட்பார். அதையும் சொன்னால் இன்னொரு "அதுக்கு முந்தி?" வரும். பொலிஸ்காரன்கூட இப்படிக் கேட்கமாட்டான் என்று எரிச்சல்பட்டவர்கள் உண்டு. முதலில் எரிச்சல்பட்டவர்களில் நானும் ஒருவன்.

நானும் சந்தேகப் பேர்வழிதான். ஆனால் என்னுடையது வேறு சாதிச் சந்தேகம் என்பதை அவரிடம் போன பிறகுதான் அறிந்தேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் எனக்குக் கல்முனையில் கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி, மருதமுனையில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த நான் உம்மாவின் வீட்டைவிட்டுப் பெண் வீட்டில் குடியேறினேன். என் மனைவி ஹலீமாவின் வாப்பா, எனக்கு மாமா, சவளக்கடைப் பக்கம் வயல் செய்தவர். ஆயுள் முழுக்க மாட்டு வண்டியிலேயே போய் வந்தவர். நான் சொறிக்கல்முனைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததால், மருமகன் வெயிலில் சைக்கிள் மிதிக்கக்கூடாது என்று சீதனத்தோடு ஒரு பழைய காரையும் தந்தார். நாலு ஸ்ரீ இலக்கத் தகடு, சாம்பல் நிறம். அதன் சாவியைக் கையில் வாங்கிய அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் கிழமை கார் கத்தத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து "கிரீச்" என்று ஒரு சத்தம். முதலில் மெல்லியதாக வந்து, வாசலைத் தாண்டும்போது நின்றுவிடும். பிறகு சந்திவரை வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம்வரை வந்தது. சந்தித் தேநீர்க்கடையில் இருப்பவர்கள், "புதுமாப்பிள அழுதழுது போறாரு" என்று பகிடி பண்ணினார்கள். நான் சிரித்துக்கொண்டே போவேன். உள்ளுக்குள் பற்றி எரியும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் உடன் படிப்பிக்கும் ஒருவர் என் காதுக்குள் ஒரு கதையைப் போட்டார். சூறாவளியில் தென்னை விழுந்து நசுங்கிய காராம். தட்டி நிமிர்த்தி, நிறமடித்து மாமாவின் தலையில் கட்டினார்களாம். மாமாவுக்கும் அது தெரியுமாம். அன்று பின்னேரம் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கூரையின் சாம்பல் நிறம் கதவுகளின் நிறத்தோடு ஒட்டவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு மாமா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தால் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்காவிட்டால் குற்றம் குறுகுறுக்கிறது என்று நினைத்தேன். காலையில் நான் பள்ளிவாசலிலிருந்து வரும்போது, "கார் எப்பிடி மகன்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியையே நான் வெறுத்தேன்.

ஒரு முடிவுக்கு வந்தேன். பாஸைக் கொண்டு காரைப் பார்ப்பிப்பது, அவர் வாயாலேயே மரம் விழுந்த கார் என்று சொல்விப்பது, பள்ளிவாசல் மரைக்காயர்மார் முன்னிலையில் சாவியை மாமாவிடம் எறிந்துவிட்டு உம்மா வீட்டுக்குப் போய்விடுவது. ஒரு மாப்பிள்ளை பெண் வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் எங்கள் ஊரில் அந்தப் பெண்ணைப் பற்றி என்னென்ன கதைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் உடுப்புகளை ஒரு பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். கலியாணம் முடிந்து அப்போது ஐந்து மாதம். பாஸிடம் போக மனம் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பாஸின் கராஜ் ஓலைக் கூரையைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. படங்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன் கீழே வேலை செய்தார். நான் முழுக் கதையையும் ஒப்புவித்தேன். அவர் என் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மரம் விழுந்த கார் எண்டு ஆரு சொன்ன?"

"எங்கட பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருத்தர்."

"அதுக்கு முந்தி? அவருக்கு ஆரு சொன்ன?"

"முடி வெட்டுற இடத்துல கதைச்சாங்களாம்."

"அதுக்கு முந்தி?"

"அது தெரியா பாஸ்."

"அப்ப, ஆரெண்டு தெரியாத ஒருத்தன்ட வாயால வந்த கதைய நம்பிக்கிட்டு வந்திரிக்கீங்க. சரி, ஸ்டார்ட் பண்ணுங்க."

கார் கத்தியது. லைட்டைப் போடச் சொன்னார். லைட் போட்டதும் கத்தல் இரண்டு மடங்கானது. தலையை ஆட்டினார். ஒரு பேணியில் தண்ணீர் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின்மேல் கொஞ்சம் ஊற்றினார். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டில் மிஞ்சியிருந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார். அது ஊறாமல், சேம்பிலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றது. பெருவிரலால் பெல்ட்டை அழுத்தினார். "கொஞ்சம் தளர்வு. இது சும்மா சின்ன விசயம். ஆனா இவ்வளவு கத்துறதுக்கு இது காணாது" என்றார். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டினார். சத்தமே இல்லை. டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் கையால் சுற்றி, திருப்புளியின் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அவை இரண்டும் சுகம்.

அதற்குப் பிறகு காருக்குள் ஏறி, கூரையின் உட்சீலையை ஒரு மூலையில் பிரித்து, தகரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "ஒரு சுத்தியல் அடிகூட இல்ல. மரமாவது மண்ணாவது. வெயிலுக்கு நிறம் போனதால மேலுக்கு மட்டும் அடிச்சிரிக்காங்க" என்றார். நான் எதிர்பார்த்து வந்த சாட்சி கையைவிட்டுப் போயிற்று. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கடைசியாகக் கழற்றிய பெல்ட்டை மூக்கில் வைத்து மணந்தார். நாக்கு நுனியிலும் தொட்டார். மெதுவாக எழுந்து என்னிடம் வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் தலையை மணந்தார்.

"மாஸ்டர், தலைக்கு என்ன பூசுற?"

"தேங்காயெண்ணெய்தான். கிடைச்சாத்தானே."

அந்த வருடம் ஊரில் தென்னைகள் எல்லாம் விழுந்து கிடந்தன. எண்ணெய் அத்தர் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டுப் போத்தல் அலுமாரிக்குள் பூட்டியிருந்தது. கேட்டால் ஹலீமா உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள்.

"இந்த பெல்ட்டுல உங்கட தலையவிடக் கூட தேங்காயெண்ணெய் இரிக்கி. எஞ்சினுக்குள்ள தேங்காயெண்ணெய் எங்கால வரும்? காரைத் திருப்பிக் குடுக்கச் சாட்டுத் தேடி நீங்களே பூசினீங்களோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குர்ஆன் மேல் சத்தியம் பண்ணட்டுமா என்று கத்தினேன். "வேணாம், குந்துங்க" என்றார். பெல்ட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இழுத்து மாட்டினார். கார் கத்தவில்லை. நான் உடனே அடுத்த குற்றத்தைப் பிடித்தேன். வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு எதிரி இருக்கிறான், யாரோ வேண்டுமென்றே காரைக் கெடுக்கிறான், அது யாரென்று எனக்குத் தெரியும் என்றேன். மாமாவைத்தான் சொன்னேன். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"சந்தேகப்படுங்க மாஸ்டர், அதுல பிழையில்ல. ஆனா கடைசி மட்டும் சந்தேகப்படோணும். பாதியில நிப்பாட்டினா அது அவதூறாப் போயிரும்."

மருதமுனை நூல் ஓர் இழையைப் பொனட்டின் கொக்கிக்குக் குறுக்கே கட்டிவைக்கச் சொன்னார். கட்டினேன். மறுநாள் பள்ளிவாசலுக்குப் போய் வந்து பார்த்தபோது இழை அறுந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் சுபஹை வீட்டிலேயே தொழுதுவிட்டு, விடிந்து வெளிச்சம் வந்ததும் யன்னலோரம் நின்றேன். கட்டிலுக்குக் கீழே பெட்டி தயாராக இருந்தது.

மாமா வந்தார். தொழுத தொப்பி தலையிலேயே இருந்தது. ஒரு கையில் எண்ணெய்ப் போத்தல், மறு கையில் கோழிச் சிறகு. பொனட்டைத் திறந்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, சிறகை எண்ணெயில் தோய்த்து, பிள்ளைக்கு மருந்து பூசுவதுபோலப் பெல்ட்டில் பூசத் தொடங்கினார். வண்டில் அச்சுக்கு அவர் எண்ணெய் போடுவது அப்படித்தான். நான் வெளியே வந்ததைக் கண்டு கூச்சத்தோடு சிரித்தார்.

"சில்லு கத்தினா எண்ணெய் விடுறதுதானே மகன். ஒரு மாசமாப் பூசுறன். நேத்துத்தான் சத்தம் நிண்டிரிக்கி, பாத்தீங்களா? நீங்க சந்தியால போகக்குள்ள சனம் சிரிக்கிறது எனக்குத் தாங்கேலாமப் போச்சி."

ஒரு மாதம். தளர்ந்த பெல்ட் முதலில் கொஞ்சம்தான் கத்தியது. அவர் எண்ணெய் பூசப் பூச அது வழுக்கி இன்னும் கத்தியது. கத்தக் கத்த அவர் இன்னும் பூசினார். நான் அவரை இன்னும் வெறுத்தேன். சமையலுக்கே எண்ணெய் இல்லாத காலத்தில் அந்த மனிதர் என் மானத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த உடுப்புகளை எடுத்துப் பழையபடி கொடியில் போட்டேன்.

பாஸிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அதுக்கு முந்தி?" என்றார்.

"இனி என்ன முந்தி பாஸ்? அதுதான் ஆளைக் கண்டாச்சே."

"போத்தல எடுத்துக் குடுத்த ஆரு?"

"மாமாதான் எடுத்திருப்பாரு."

பாஸ் சிரித்தார். திரும்ப எஞ்சினுக்குள் குனிந்துகொண்டார்.

அன்று பின்னேரம் ஒரு புதுப் பெல்ட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய்யை அங்கேதான் கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, மாமாவை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார்: "காக்கா, நீங்க பூசினதாலதான் பழைய பெல்ட் இவ்வளவு நாளும் அறுகாம நிண்டிச்சி. இது புதுசு. இதுக்கு எண்ணெய் ஆகாது, இனிப் பூசவேணாம்." மாமாவின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் இன்னும் மறக்கவில்லை. போன வருடம் மௌத்தாகும்வரை, அந்தக் காரைத் தான் எப்படிக் காப்பாற்றினேன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பாஸும் போய்விட்டார். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் ஹலீமாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பெட்டி அடுக்கிய விசயம் இத்தனை வருடமும் அவளுக்குத் தெரியாது என்பது என் நினைப்பு. அச்சில் பார்த்து அறிவதைவிட என் கையாலேயே அறியட்டும் என்று நினைத்தேன். அவள் அடுப்படியில் நின்றபடி கடைசிவரை வாசித்தாள். தாள்களை ஒழுங்காக மடித்து என்னிடம் நீட்டினாள்.

"பெட்டி எனக்குத் தெரியும். கட்டிலுக்குக் கீழ கூட்டக்குள்ள கண்டன்" என்றாள். "அலுமாரிச் சாவி எண்ட இடுப்புலதானே இருந்த. வாப்பாக்குப் போத்தல எடுத்துக் குடுத்தது நான். அந்தச் சத்தம் நிண்டா நீங்களும் நிப்பீங்க எண்டு நினைச்சன்."

பிறகு திரும்பி அடுப்பைப் பார்க்கப் போனாள். பாஸ் அன்று எஞ்சினுக்குள் குனிந்துகொண்டு சிரித்தது எனக்கு இப்போதுதான் விளங்கியது. விடை இதோ என்று ஓடிப்போய்ச் சொல்ல அந்தப் படங்குக்குக் கீழே இனி யாரும் இல்லை. அல்லாஹ் அவருடைய கபுறை விசாலமாக்கி வைக்கட்டும். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரே ஒரு கேள்வி. யாரையாவது குற்றவாளி என்று பிடித்துவிட்டேன் என்று நான் நிமிரும்போதெல்லாம், பழைய ஆசனத்தில் இருத்தி, என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு, அவர் அதைக் கேட்கிறார்: "அதுக்கு முந்தி?"