தோல் ஷாப்பும் எங்கள் தெருக் கிணறும்

கல்யாணமாகி நான் திண்டுக்கல் வந்த வருஷமே, தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு இறங்கி எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியது. ஷாப் கழிவைக் காரணம் காட்டி, நகராட்சியிடம் குடிநீர்க் குழாய் கேட்டு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனேன். தெருவில் பாதி ஆண்களுக்கு அந்த ஷாப்பில்தான் வேலை. எதிர்வீட்டுக்காரி மனுவை வாங்கிக் கிழித்து என் முகத்தில் எறிந்தாள்.

“ஷாப்ப மூடிட்டா உன் புருஷனா எங்களுக்குச் சோறு போடுவான்?”

“ஒம்பிள்ளைக்கு வயித்தால போறது எதனாலன்னு நெனைக்கிற?” என்றேன். கதவை அறைந்து சாத்தினாள்.

மறுபடி எழுதினேன். கையெழுத்துப் போட்ட ஆறு பெண்களும் வாராவாரம் நகராட்சி குமாஸ்தாவின் மேசை முன்னால் போய் நின்றோம். “கொதிக்க வச்சுக் குடிங்க” என்று எரிந்து விழுவார். நாங்கள் நகர மாட்டோம்.

மறுவருஷம் குழாய் வந்தது. எதிர்வீட்டுக்காரியும் குடத்தோடு வந்து நின்றாள். அந்தத் தெருவில் இருந்தவரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.