ஆன்சி கல்லறையில் முளைத்தது

வியாசர்பாடி யசோதராவுக்கு முப்பத்தாறு வயது. அதில் ஏழு வருஷத்தை அவள் இல்லாத ஒன்றைத் தேடுவதில் கழித்தாள். கடவுளைத் தேடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு மடம் உண்டு, மாலை உண்டு, முக்கியமாகக் கெடு தேதி கிடையாது. யசோதராவுக்கு நவம்பர் முப்பது. அன்றோடு அவளுடைய முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகிறது. பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் அவள் கௌரவ விரிவுரையாளராகவே கிழவியாக வேண்டியதுதான். அந்த வேலையில் கௌரவம் ஒன்றுதான் நிரந்தரம்.

அவள் தேடியது லைக்கன். மரப்பட்டையிலும் பாறையிலும் தேமல் போலப் படர்ந்திருக்குமே, அது. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதன் சொந்தபந்தங்கள் பெருமைப்படும். தமிழர்கள் இந்த ஜீவனை ஒரே இடத்தில்தான் மதிக்கிறார்கள். மசாலாவில் போடும் கல்பாசி அந்த வம்சம்தான். ஆகவே ஆராய்ச்சியைப் பற்றி யாராவது விசாரித்து அவள் விளக்கினால், கேட்டவர் முகத்தில் சட்டென்று ஒரு மரியாதை வரும். அது பிரியாணிக்கு உரிய மரியாதை. அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடப்பாள்.

லைக்கனுக்குப் புகை ஆகாது. கந்தகக் காற்று பட்டால் செத்துப்போகும். அனல்மின் நிலையங்கள் புகை கக்கும் எண்ணூர்ப் பக்கம் பிழைத்துக் கிடக்க அதற்கு ஒரு நியாயமும் இல்லை. மனிதர்களுக்கும் இல்லைதான், ஆனால் அவர்களுக்கு ரேஷன் அட்டை இருக்கிறது. இப்பேர்ப்பட்ட இடத்தில் லைக்கன் வகைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று தலைப்புக் கொடுத்தவர் வழிகாட்டிப் பேராசிரியர் மோகனப்ரியா. அவர் அடையாறில் குடியிருந்தார். அடையாறு மரங்களில் லைக்கன் இருந்தது.

ஏழு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மரங்களை யசோதரா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். திருவொற்றியூர்ப் பூவரசில் போஸ்டர் பசை இருந்தது. வள்ளூரில் பனைமரத்துச் சாம்பலைத் துடைத்தால் அடியில் இன்னொரு சாம்பல் இருந்தது. காட்டுப்பள்ளியில் மரத்தை நெருங்குவதற்குள் காவலாளி நெருங்கிவிட்டார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு ஓரத்து வேப்பமரத்தில் ஒருநாள் சாம்பல்வெள்ளையாக மூன்று திட்டுகள் தென்பட்டன. அன்று அவள் சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதம் அவற்றை அளந்தாள், படமெடுத்தாள், அவை வளர்வதாகவும் குறித்துக்கொண்டாள். ஒரு காலையில் மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருவர் வந்து, வெற்றிலை போட்டு, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை மூன்றாவது திட்டின் மேல் தடவிவிட்டுப் போனார். வளர்ச்சிக்குக் காரணம் தெரிந்தது.

ஒன்றுமே இல்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புதானே மேடம் என்று அவள் மோகனப்ரியாவிடம் மன்றாடிப் பார்த்தாள். அவர் இரக்கமுள்ளவர். அடுத்த நாற்காலியில் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பிறகு சொன்னார்.

"இல்லைங்கறத எத்தனை பக்கம்மா எழுதுவ? இந்தப் பகுதிக்குப் புதுசுன்னு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கொண்டா. நான் கையெழுத்துப் போடறேன்."

அந்த ஒன்று அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. ராயபுரம் பக்கத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில், கடைசி வரிசையில், மதிலின் நிழலில் நின்ற ஒரு கருங்கல் சிலுவையின் அடியில் அது இருந்தது. சாம்பல்பச்சை, ஐந்து ரூபாய் நாணயம் அளவு, ஓரமெல்லாம் கீரை இலை மாதிரிச் சுருண்டது. யசோதரா முதலில் விரலால் தொட்டு முகர்ந்தாள். சுண்ணாம்பு இல்லை. லென்ஸை வைத்தாள். பிறகு பக்கத்துக் கல்லறையின் மேல் உட்கார்ந்து, அதில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அழுதாள். மலைப்பக்கத்தில் உள்ள ஜாதி அது. அவள் கண் சரியென்றால் இந்தக் கடலோரத்தில் அதை யாரும் பதிவு செய்ததில்லை. ஒரே ஒரு சோதனை பாக்கி. ப்ளீச்சிங் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் அது ரத்தச் சிவப்பாக மாற வேண்டும். மாறினால் அதுதான். மாறாவிட்டால் அதைப் போன்ற வேறொரு சாதாரணம்.

பையில் பிளேடு இருந்தது, காகித உறை இருந்தது. சுரண்டிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்து, அவள் இன்று டாக்டர் யசோதராவாக இருந்திருப்பாள். ஆனால் அவள் நல்ல முறையில் வளர்க்கப்பட்டவள். கேட்காமல் பிறத்தியார் செடியில் பூக்கூடப் பறிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு. அதுவும் இது ஒரு மனுஷியின் கல்லறை. தோட்டத்துக் காவலர் பிராங்கிளினும், குடும்பத்தாரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை என்று சொல்லி விலாசம் கொடுத்தார். இப்படியாக இரண்டு நல்லவர்கள் சேர்ந்து அந்தக் காரியத்தைக் கெடுத்தார்கள்.

கல்லில் இருந்த பெயர் ஆன்சி. ஒன்பது வருஷத்துக்கு முன் காலமானவள். அவள் கணவர் சாலமோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். யசோதரா அவருக்குப் போட்டோவைக் காட்டி, உங்கள் வீட்டம்மா கல்லில் அபூர்வமான ஒன்று வளர்ந்திருக்கிறது, கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று பக்குவமாகக் கேட்டாள். சாலமோன் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். திங்கட்கிழமை வாம்மா என்றார்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்துவிடும். எந்தக் கல் அழுக்காக நிற்கிறதோ அந்த வீட்டைப் பற்றி அடுத்த வருஷம் வரை பேசுவார்கள். சாலமோனுக்கு முட்டி வலி, இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண், மூன்றாவது மனுஷி, வீடு தேடி வந்து, அந்த அழுக்கைப் படம் பிடித்தும் காட்டுகிறாள். அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஞாயிறு பூசை முடிந்த கையோடு தேங்காய் நார், வாளி, ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடர், ஒரு டப்பா பெயிண்ட் சகிதம் போய்விட்டார்.

திங்கட்கிழமை யசோதரா போனபோது ஆன்சியின் சிலுவை எனாமல் பெயிண்டில் பளபளத்தது. பிராங்கிளின் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "பெரியவரு இன்னாமா தேச்சாரு தெரியுமா மேடம், முட்டி வலியோட. பொண்டாட்டி மேல அம்மாம் பாசம்."

அவள் தரையில் மண்டியிட்டு கழுவிய தண்ணீர் ஓடிய வாய்க்காலைக் கையால் துழாவினாள். நார்த் துணுக்கு, மெழுகு, பெயிண்ட் துளி. பிறகு மீதி வரிசைகளைப் பார்த்தாள். அங்கேயும் குடும்பம் குடும்பமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடி ஓடி ஒவ்வொருவரிடமும் ஒரு விரலளவு தேய்க்காமல் விடுங்கள் என்று கெஞ்சினாள். ஒரு பாட்டியம்மா, பாவம் யாரைப் பறிகொடுத்ததோ என்று அவள் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தாள். மாலை வரைக்கும் தேடியும் அங்கே வேறு எந்தக் கல்லிலும் எதுவும் இல்லை.

மோகனப்ரியா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். போட்டோ போதாது, மாதிரி வேண்டும், அதற்கு ஹெர்பேரியம் என்கிற தாவர மாதிரிக் காப்பகத்தில் ஒரு எண் வேண்டும், எண் இல்லாததை ஆய்வுக்குழு எறும்பென்றுகூட ஒப்புக்கொள்ளாது என்றார்.

நவம்பர் ஏழாம் தேதி பிராங்கிளின் போன் பண்ணினார். சாலமோன் வீட்டில் கூட்டமாம். ஆன்சி கல்லறையைக் கழுவும்போது கல்லிலிருந்து ரத்தம் வந்ததாம்.

யசோதரா போனை வைக்க மறந்துபோய் நின்றாள். ப்ளீச்சிங் பவுடர். சிவப்பு. இவள் செய்ய வேண்டியிருந்த சோதனையை ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டி வாளிக்கணக்கில் செய்திருக்கிறார்.

அவள் போனபோது இரண்டு பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள், பிள்ளைகளின் பிளஸ் டூ பரீட்சைக்காக. உள்ளே மாதா சுரூபத்துக்குக் கீழே ஆன்சியின் படம். படத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தில் பஞ்சு. பஞ்சின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு, ப்ளீச்சிங் படாமல் முழுசாக, சாம்பல்பச்சையாக, ஓரம் சுருண்டு அது இருந்தது. சிவந்ததைப் பார்த்து நடுங்கிப்போன சாலமோன் மிச்சத்தை மட்டும் நகத்தால் பெயர்த்து, கர்ச்சீப்பில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சர்ச் பாதிரியார்கள் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது முழுக்க ஒரு கிழவரும் அவர் மனைவியும் சம்பந்தப்பட்ட விஷயம்.

யசோதரா நடந்ததை எல்லாம் எடுத்துச் சொன்னாள். லைக்கனைச் சொன்னாள், அதிலுள்ள அமிலத்தைச் சொன்னாள், ப்ளீச்சிங்கைச் சொன்னாள், நவம்பர் முப்பதைச் சொன்னாள். கடைசியில் பெருமையெல்லாம் போய், அந்தத் துணுக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று கைகூப்பினாள்.

சாலமோன் பொறுமையாகக் கேட்டார். "நான் அவளாண்ட ரெண்டு வருசம் போவல. போய்த் தேச்சா ரத்தம் வருது. நீ ஆசிட்டுன்ற. சரி, படிச்ச பொண்ணு. ஒண்ணு பண்ணலாம். இப்போ, எங் கண்ணெதிர்ல, அத்தோட ஓரத்துல ஒரு சொட்டு வுடு. சும்மா கிடந்துச்சின்னா அது வெறும் பாசி, நீ எடுத்துகினு போ. மறுபடி ரத்தம் வந்துச்சின்னா அது அவதான். அப்புறம் கேக்கக் கூடாது."

யசோதரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சிவந்தால் அது புதிய பதிவு, ஆனால் கைக்கு வராது. சிவக்காவிட்டால் கைக்கு வரும், ஆனால் அது ஒன்றுக்கும் உதவாத சாதாரணம். விஞ்ஞானம் ஜெயித்தால் அவள் தோற்பாள். இதை அவருக்கு விளக்கினாள். "அதான் நானும் சொல்றேன்" என்றார் அவர். சொட்டு விடாமலே கொடுங்கள் என்றாள். தலையை ஆட்டினார். பாதி கொடுங்கள் என்றாள்.

"அவள எப்டிம்மா பாதியா குடுக்கறது?"

கல் தேய்த்து மிஞ்சிய ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து அவள் ஒரு சொட்டு விட்டாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு ஓடியது, பரவியது, செக்கச்செவேலென்று ஆனது. ஏழு வருஷத்தில் அவள் பார்த்த மிக அழகான நிறம் அது. சாலமோன் வலிக்கிற முட்டியோடு மண்டியிட்டார். யசோதராவும் கிட்டத்தில் பார்க்க லென்ஸோடு மண்டியிட்டாள். வாசலிலிருந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, வியாசர்பாடிப் பொண்ணும் மனம் திரும்பிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

புதிய ஜாதியைப் பதியும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: மாதிரி வைக்கப்பட்டுள்ள இடம். யசோதரா பொய் எழுதத் தெரியாதவள். சாலமோன் வீட்டுக் கதவிலக்கத்தை எழுதி, பார்வை நேரம் மாலை ஜெபத்துக்குப் பிறகு என்றும் சேர்த்தாள். மோகனப்ரியா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஆறு மாத நீட்டிப்புக்கு அவரே எழுதிக்கொடுத்தார். அதற்குமேல் தெய்வத்தாலும் முடியாது என்றார்.

அதிலிருந்து யசோதரா வாரம் ஒருமுறை ராயபுரம் போகிறாள். போய்க் கிண்ணத்தைப் பார்க்கிறாள், பஞ்சு மாற்றுகிறாள், பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறாள். கேட்பதில்லை, வாக்கு வாக்குதான். போன வாரம் சாலமோனே ஆரம்பித்தார்.

"நீ வேணும்னா நான் போனப்புறம் எடுத்துக்கமா. பொண்ணாண்ட சொல்லி வெச்சிட்டேன். அதுவரிக்கும் அவ எங்கூட இர்க்கட்டும்."

நீட்டிப்பு மே மாதம் முப்பத்தொன்றோடு முடிகிறது. யசோதரா அவரைப் பார்த்தாள். நிறம் நன்றாக இருந்தது. மூச்சு வாங்கவில்லை. முட்டி வலிகூடக் குறைந்துவிட்டதாம், எல்லாம் ஆன்சியின் தயவாம். அலமாரியில் பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று, பாதி காலியாக. அவள் கண் அங்கே போய், நின்று, எண்ண ஆரம்பித்தது. எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறீங்களா அங்கிள்?" என்றாள்.

சாலமோனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பெண்கூட இதைக் கேட்டதில்லை என்றார். ஒருவேளைகூடத் தவறுவதில்லை என்றும் சொன்னார்.